ஊவாவின் ஆதிக்குடிகள்



பதுளையிலிருந்து பசறைக்குச் செல்வோரும் பண்டாரவளையிலிருந்து கீழ்நோக்கி வருவோரும் நமுனுகுல மலையைக் காணாது செல்லுதல் இயலாது. கடல் மட்டத்துக்கு 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலையின் சரிவுகளிலே தேயிலை வளர்கிறது; தேயிலையின் நடுவே லயங்கள் தெரிகின்றன. அங்கு வாழ்வோரிடம் இவ்விடத்தின் சரித்திரம் எப்பொழுது தொடங்கிற்று என்று வினவினால், கோப்பிக் காலத்தில் என்பர். முதியோர் தம் பாட்டன் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து நடந்து வந்த கதையைச் சொல்வர். அக்கதை உண்மையே. ஆயினும், அதற்கு முன் இம்மலைகள் ஆளற்றுக் கிடந்தன என்று கொள்வோமாயின் அது பெரும்பிழையாகும்.

பண்டாரவளையைச் சூழ்ந்த புற்குன்றுகளின் உச்சியில், மழை மேல்மண்ணைக் கழுவிய இடங்களிலே, படிகக்கற் சில்லுகள் கிடைப்பதுண்டு. பார்வைக்கு அவை வெறும் உடைகற்களே. விரல்நகம் அளவான அவற்றைக் கையிலெடுத்து நோக்கினால், ஒரு விளிம்பு மட்டும் வேண்டுமென்றே கூராக்கப்பட்டிருத்தல் புலனாகும். அவை வேட்டையாடி வாழ்ந்த மக்களின் கருவிகள். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே சுவிற்சர்லாந்து அறிஞரான சரசின் சகோதரரும், அவருக்குப் பின் செலிக்மன் தம்பதியரும் இத்தகைய கற்களை ஊவாவிலே ஆராய்ந்தனர். இலங்கையின் வேறு குகைகளில் கிடைத்த இவ்வகைக் கருவிகள் ஏறத்தாழ 45,000 ஆண்டுப் பழமையுடையன என்பது இன்றைய கணிப்பு. அக்கருவிகளைச் செய்தோருக்கும் இன்று நாம் வேடர் என அழைக்கும் மக்களுக்கும் உறவு உண்டென ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

வேடர் என்பது நாம் இட்ட பெயர். அவர்கள் தம்மை 'வன்னியல அத்தோ' என்பர். காட்டில் வாழ்வோர் என்பது அதன் பொருள். நமுனுகுலவுக்கு வடக்கே மகியங்கனையையும் தம்பானையையும் உள்ளடக்கிய பிந்தென்னப் பகுதியும், கிழக்கே பிபிலையைச் சார்ந்த வெல்லஸ்ஸவும் அவர்களுடைய பழைய நாடு. தமிழருக்கு அவர்கள் அந்நியர் அல்லர். கதிர்காமம் இவ்வூவா மாகாணத்திலேயே உள்ளது. அங்கு யாத்திரை செல்லும் தோட்டத்து மக்கள் வள்ளியை வேடர் குலத்து மகளாகவே வணங்குகின்றனர். கிழக்குக் கரையிலே வாகரை, கதிரவெளி முதலிய இடங்களில் வாழும் வேடர் தமிழையே பேசுகின்றனர். அம்மையை வணங்கும் நாம் அம்மையின் சுற்றத்தாரைப் பற்றி எத்துணை அறிந்திருக்கிறோம்? இதனைக் கேட்கும்போது எனக்கே சற்று நாணமாக இருக்கிறது.

முதலில் அவர்தம் மொழியைப் பார்ப்போம். அதன் ஆதி உருவம் இன்று நமக்குக் கிட்டவில்லை. சிங்களத்தோடு நெடுங்காலம் பழகியதால் இரண்டும் கலந்து பிறந்ததொரு மொழியே பிற்காலத்தில் நிலவிற்று என்று 1974இல் பேராசிரியர் க. ந. ஒ. தர்மதாச எழுதினார். சொற்களிற் பெரும்பகுதி சிங்களத்தோடு தொடர்புடையது. ஆயினும் சிங்களத்தாலும் தமிழாலும் விளக்கமுடியாத சொற்களும் உள. இலக்கணத்தில் ஒரு செய்தி என் மனத்தை மிகவும் கவர்ந்தது. முன்னிலையாரை அழைப்பதற்குச் சிங்களத்திலே தகுதிக்கேற்பப் பல சொற்கள் உள்ளன. தமிழிலும் நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிகள் உண்டு. வேடர் மொழியிலோ 'தொப்பன்' என்னும் ஒரே சொல்தான். ஒருவராயினும் பலராயினும், சிறியவராயினும் பெரியவராயினும், முன்னிற்பவர் தொப்பனே. தோட்டத்திலே துரைக்கு ஒரு சொல்லும், கங்காணிக்கு ஒரு சொல்லும், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வேறொரு சொல்லும் வழங்கக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது வியப்பையே தரும். பாடசாலைகளில் சிங்களமோ தமிழோ மட்டும் கற்று வளரும் வேடர் குழந்தைகளிடம் இச்சொல் குறைந்துகொண்டே வருகிறது.

இனி ஒப்பந்தங்களைப் பற்றிய செய்தி. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிலே வேடர் கொல்லனிடம் அம்புமுனை பெறும் முறையை அவர் விவரிக்கிறார். இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவர்; தமக்கு வேண்டிய அம்பின் வடிவத்தை இலையில் வெட்டி அருகே வைப்பர். கொல்லன் அவ்வண்ணம் செய்துவைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து நன்றி செலுத்துவர். செய்யாது விட்டால் இரவில் அம்பு வரும். எழுத்தில்லை, சாட்சியில்லை, இரு திறத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுமில்லை. ஆயினும் அது ஒப்பந்தமே. இருவரும் அதன் நிபந்தனையை ஐயமற அறிந்திருந்தனர்.

எழுத்தில் அமைந்த ஒப்பந்தம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி கண்டியிலே கையெழுத்தாயிற்று. தேசாதிபதி பிரவுண்றிக் ஒரு புறமும் கண்டிப் பிரதானிகள் மறுபுறமும் நின்றனர். அதன் நான்காம் பிரிவு, நாட்டின் ஆட்சியை ஆங்கிலேய மன்னருக்கு அளித்தது. அதே வேளையில் எல்லா வகுப்பு மக்களுக்கும் அவரவர் சட்ட வழக்கங்களின்படி உடலுக்கும் உடைமைக்கும் காப்பு உண்டென உறுதி கூறிற்று. எல்லா வகுப்பினரும் என்றால் காட்டில் வாழ்வோரும் அடங்குவரன்றோ? எனினும் அம்மண்டபத்தில் அவர்களுக்கென ஒருவரும் இருக்கவில்லை.

இரண்டாண்டுகள் சென்றன. நாயக்க அரச வம்சத்தவன் என்று தன்னைக் கூறிக்கொண்ட ஒருவன் பிந்தென்னக் காட்டிலே வேடர் நடுவே தோன்றினான். அவனைப் பற்றி விசாரிக்கச் சென்ற பதுளை அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் 1817 செப்டெம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டார். ஊவா முழுவதும் கிளர்ச்சி பரவிற்று. 1818இல் அது அடக்கப்பட்ட விதம் கொடியது. ஊர்கள் எரியுண்டன, நெல்வயல்கள் பாழாயின. அவ்வாண்டு நவம்பர் 21ஆந் திகதிப் பிரகடனத்தால் பிரதானிகளின் பழைய அதிகாரங்கள் பெரிதும் குறைக்கப்பட்டன.

ஆயினும் காட்டு மக்களின் வாழ்வை நிலையாக மாற்றியது போரன்று, ஒரு சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் எதிர்மாறானது நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவாகக் கொள்ளப்படும் என்றது. சேனை செய்து சில ஆண்டு விட்டு மீண்டும் வரும் கிராமத்தவனுக்கும், தேனும் வேட்டையும் தேடும் வேடனுக்கும் உறுதிப்பத்திரம் ஏது? வரிச்சீட்டு ஏது? நிலம் கோப்பித் துரைமார்க்கு விற்கப்பட்டது. நமது லயங்கள் எழுந்தது அவ்வாறு வந்த நிலங்களிலேதான்.

அக்காடு ஆளற்றது, எல்லையற்றது என்பது உண்மையன்று. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல், வேடர் குழு ஒவ்வொன்றுக்கும் தனக்கென வேட்டைநிலம் இருந்ததையும், பிறர் எல்லைக்குள் நுழைவதை அவர்கள் தவிர்த்ததையும், சுற்றத்தாரின் சம்மதமின்றி ஒருவன் தன் பங்கைக் கைமாற்ற இயலாமையையும் எடுத்துக் காட்டுகிறது. சட்டம் கேட்ட பத்திரம் அவர்களிடம் இல்லை. அவ்வளவே.

அதே 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி நியூசிலாந்தின் வைத்தாங்கி என்னும் இடத்தில், அதே ஆங்கிலப் பேரரசு மாவோரித் தலைவரோடு உடன்படிக்கை செய்தது. நிலமும் காடும் மீன்பிடியும் மாவோரிக்கே உரியன என்று அதில் எழுதப்பட்டது. அங்கும் சூது இல்லாமலில்லை. ஆங்கில ஏடு இறைமையைக் கொடுத்ததாகக் கூற, மாவோரி ஏடு ஆளுகையை மட்டும் கொடுத்ததாகக் கூறிற்று. பின்னர் நிலமும் பெருமளவு பறிபோயிற்று. ஆயினும் கையில் ஒரு ஏடு இருந்தமையால், 1975இல் அவ்வுடன்படிக்கையை விசாரிக்கவென ஒரு நியாயசபை அமைந்தது. 1987இல் மாவோரி மொழி அரசமொழியாயிற்று. பிந்தென்ன மக்களுக்குக் காட்டுதற்கு ஏடேயில்லை.

இங்கே தோட்டத்து நேயர்கள் ஒன்றை நினைவுகூர்வர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியிற் செய்த ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விடப்பட்டனர். பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. வேடன் காட்டை இழந்த சட்டத்தின்மேல் குடியேற்றப்பட்டவன், தானும் தன்னைக் கேளாது எழுதிய ஏட்டினால் அலைந்தான். இருவர் துன்பமும் ஒன்றென்று நான் கூறவில்லை. ஒருவன் தன் நிலத்தை இழந்தான். மற்றவன் தனக்கென நிலமேயின்றி உழைத்தான்.

சுதந்திரத்தின் பின்னும் வேடரின் காடு சுருங்கியே வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அவர்களுடைய குகைகளும் வேட்டைநிலங்களும் நீரில் மூழ்கின. மகாவலித் திட்டத்தையொட்டி 1983 நவம்பர் 9ஆந் திகதி மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமாயிற்று. அதன்பின் அக்காட்டில் வேட்டையாடுதலும் தேனெடுத்தலும் குற்றமாயின. பல குடும்பங்கள் நெற்காணி பெற்றுக் குடியேற்றங்களுக்குச் சென்றன. தலைவர் திசகாமியும் சிலரும் தம்பானையை விட்டு அகல மறுத்தனர். அவர் 1998இல் காலமானார்.

குடிசன மதிப்பையும் சற்று நோக்குக. 1911இல் 5,300 பேரளவினர் வேடராகப் பதிவாயினர். 1963இல் 400 பேரே. எஞ்சியோர் அனைவரும் மாண்டனர் என்று கொள்ளலாகாது. சிங்களவரென்றும் தமிழரென்றும் எழுதப்பட்டவர் பலர். அதன்பின் அவர்களுக்கென ஒரு நிரலும் இல்லாது போயிற்று. தோட்டத்திலே பேரேட்டில் பெயர் இல்லாதவனுக்குக் கூலியில்லை என்பதை அறிந்த நமக்கு, நிரல் இல்லாமற் போவதன் பொருள் விளங்காமற் போகாது.

திசகாமியின் மகன் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவில் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். 2007 செப்டெம்பர் 13ஆந் திகதி ஐக்கிய நாடுகள் சபை ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை 143 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்தவை அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா என்னும் நான்கு நாடுகள். பின்னர் அவையும் தம் நிலையை மாற்றிக்கொண்டன. ஆதிக்குடிகளின் நிலத்தில் அவர்கள் சம்மதமின்றி எதுவும் செய்யலாகாது என்பதே அப்பிரகடனத்தின் உயிர்க்கருத்து. இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் பிரகடனம் வேறு, கட்டுப்படுத்தும் சட்டம் வேறு. சர்வதேச தொழில் நிறுவனத்தின் 1989ஆம் ஆண்டு 169ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை ஏற்றுக் கையொப்பமிடவில்லை.

2020ஆம் ஆண்டிலே, பொல்லெபெத்தை இறம்பக்கன் ஓயாப் பகுதியில் சோளம் பயிரிடுவதற்காகக் காடு அழிக்கப்படுகிறது என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு மனுத் தாக்கலாயிற்று. மனுதாரர்களுள் வன்னில அத்தோவும் ஒருவர். எதிர்மாறானது நிரூபிக்கப்படும்வரை காடு முடிக்குரியது என்ற சட்டம் பிறந்து அப்பொழுது 180 ஆண்டுகள் ஆகியிருந்தன.