நீல நிறத்தில் ஒரு வெண்கட்டி

நல்லூரில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்திலிருந்த சனசமூக நிலையத்தில், பத்திரிகைகள் பரப்பிக் கிடந்த நீண்ட மேசைக்குப் பின்னால் ஒரு கரம் பலகை இருந்தது. மாலையானால் நான்கு பேர் ஆடுவார்கள். பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். என்போன்ற சிறுவர்களுக்கு ஆட்டத்தில் இடமில்லை. ஆனால் ஒரு வேலை இருந்தது. காய்கள் வழுக்கி ஓடுவதற்காகப் பலகையில் வெள்ளைப் பவுடரைத் தூவி, உள்ளங்கையால் சீராகத் தடவிக் கொடுக்க வேண்டும். கூடிப்போனால் ஏச்சு, குறைந்துபோனால் அதைவிடப் பெரிய ஏச்சு. வென்றவர்களின் வெற்றியில் பவுடர் தடவியவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அந்த நிலையத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

1970களின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு நாளிதழின் இளம் நிருபராக இருந்தபோது இந்த நினைவு மீண்டும் வந்தது. சட்டத்தரணி ஒருவரைச் செவ்வி காண்பதற்காக அவர் உறுப்பினராக இருந்த கழகத்துக்குப் போயிருந்தேன். அவர் ஆட்டத்தில் இருந்தார். பச்சைத் துணி விரித்த பெரிய மேசை, அதன் மேல் தாழத் தொங்கிய விளக்குகள், பேச்சில்லாத மனிதர்கள். பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றை நான் நேரில் கண்டது அன்றுதான். சுவரோரத்தில் வெள்ளைச் சட்டையணிந்த ஒரு பெரியவர் நின்றார். புள்ளிகளை உரத்துச் சொல்வது, பந்துகளை எடுத்து அவற்றின் இடத்தில் வைப்பது, துணியைத் தூரிகையால் வருடுவது, கோல்களின் நுனித் தோலைச் சீர்செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவரை எல்லோரும் ‘மார்க்கர்’ என்றே அழைத்தார்கள்.

அவர் கையில் ஒரு சிறு நீலக் கட்டி இருந்தது. உறுப்பினர் கோலை நீட்டும்போது, நுனியின் வளைவில் அதை மெல்லத் தீற்றிக் கொடுத்தார். குடைந்து திருகவில்லை, திலகம் இடுவதுபோல் இழுத்தார். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, ஆட்டம் ஓய்ந்த வேளையில் அருகில் வந்தார். என் பேச்சைக் கேட்டதும், “தம்பி யாழ்ப்பாணமோ? எவடம்?” என்றார். நல்லூர் என்றேன். தாம் கோப்பாய்ப் பக்கம் என்றார். கையிலிருப்பது என்ன வெண்கட்டி என்று கேட்டேன். அவர் சிரித்தார். “வெண்கட்டி எண்டுதான் சொல்லுறவை. ஆனா இதிலை வெண்கட்டி இல்லைத் தம்பி. வெண்கட்டி எழுதும். இது பிடிக்கும்.”

அந்த விடையின் முழுப் பொருள் விளங்க எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. கரம் பலகையில் நாங்கள் தூவியது வழுக்கலுக்கான தூள். அவர் தீற்றியது அதற்கு நேர்மாறான தூள்.

பில்லியர்ட்ஸ் ஐரோப்பாவின் அரண்மனைகளிலும் மாளிகைகளிலும் வளர்ந்த ஆட்டம். தொடக்கத்தில் தட்டையான தலை கொண்ட தடியால் பந்தைத் தள்ளினார்கள். மெல்லிய கோலால் குத்தியடிக்கும் முறை பிறகு வந்தது. ஆனால் மரத்தின் மொட்டை நுனி பந்தின் நடுவில் படவேண்டும். சற்று விலகினாலும் வழுக்கிப்போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மென்கோ என்னும் பிரெஞ்சுத் தரைப்படைக் கப்டன் இதற்கு விடை கண்டார். பாரிஸ் அருகே பிசெத்ர் சிறையில் அடைபட்டிருந்த காலத்தில் அங்கிருந்த மேசையில் ஆடிப் பழகிய அவர், கோல் நுனியில் தோல் வில்லை ஒன்றைப் பொருத்தினார். தோல் பந்தைப் பற்றிக்கொண்டது. நடுவிலிருந்து விலக்கி அடித்துப் பந்தைச் சுழலவைக்கவும், முன்னால் போன பந்தைப் பின்னால் வரவைக்கவும் முடிந்தது. கண்டவர்கள் மாயவித்தை என்றார்கள். 1827இல் அவர் தம் அடிகளை விளக்கி நூலொன்றும் வெளியிட்டார்.

மென்கோவின் ஆட்டத்தை நேரில் கண்டவர்களில் ஒருவர் கஸ்பார்ட் கொரியோலி. 1835இல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் சுழற்சிக்கும் மோதலுக்கும் கணித விளக்கம் தந்து நூல் எழுதினார். வங்காள விரிகுடாவில் எழும் புயல்கள் ஏன் ஒரே திசையில் சுழல்கின்றன என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு விளைவின் பெயரைச் சொல்லித் தந்தார்களே, அந்தக் கொரியோலிதான். 1964 மார்கழிப் புயலைக் கண்ட எங்கள் தலைமுறைக்கு மறக்க இயலாத பெயர்.

தோல் வந்தபின் அடுத்த சிக்கலும் வந்தது. சில அடிகளிலேயே தோல் பளபளத்து வழுக்கத் தொடங்கும். அதைச் சொரசொரப்பாக்க ஆட்டக்காரர்கள் கோல் நுனியை அறையின் சுவரிலும் கூரையிலும் பூசிய சாந்தில் வைத்துத் திருகினார்கள். ஆட்டக் கூடங்களின் சுவர்கள் குழிகுழியாய்ப் போயின. சுண்ணச்சாந்து காற்றுப் பட்டு இறுகும்போது மறுபடி சுண்ணாம்புக் கல்லின் பொருளாகவே மாறிவிடுகிறது. இதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லைக் குடைந்துதான் எங்கள் கிணறுகள் உள்ளன. நல்லூர்க் கந்தன் கோயிலின் சிவப்பு வெள்ளை மதிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

சுவரைக் குடைவதற்குப் பதிலாகச் சுண்ணக் கட்டியையே பயன்படுத்தும் வழக்கம் மெல்லப் பரவியது. 1820களில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜாக் கார் என்னும் மார்க்கர் பந்தைச் சுழலவைத்துக் காட்டிப் பெயர் பெற்றார். தம் திறமையெல்லாம் ‘முறுக்குத் தூள்’ ஒன்றால் வந்தது என்று சொல்லி, அதைச் சிறு பெட்டிகளில் அடைத்துப் பெட்டி ஒன்று அரைக் கிரவுனுக்கு விற்றார். உள்ளே இருந்தது சாதாரணச் சுண்ணத் தூள்தான். வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. தூள் வேலை செய்தது. இந்த வரலாற்றில் ஒரு மார்க்கரின் பெயர் நிலைத்திருப்பதைக் கவனிக்கவேண்டும். அது அபூர்வம்.

இன்று நாம் காணும் நீலக் கட்டி பிறந்தது அமெரிக்காவில். வில்லியம் ஸ்பிங்க்ஸ் தொழில்முறை ஆட்டக்காரர். பிரான்சிலிருந்து வந்த ஒரு கட்டி மற்றவற்றைவிட நன்றாகப் பிடிப்பதைக் கண்டு, அதைச் சிக்காகோவின் வேதியியலாளர் வில்லியம் ஹொஸ்கின்ஸிடம் கொடுத்தார். ஆய்ந்து பார்த்தபோது அது சுண்ணாம்பே இல்லை. சிசிலித் தீவின் எட்னா எரிமலை கக்கிய பொருள். அதை முன்மாதிரியாக வைத்து இருவரும் மணலின் சாரமான சிலிக்காவையும் குருந்தக்கல் தூளையும் பசையோடும் சாயத்தோடும் சேர்த்துக் கட்டியாக்கினார்கள். 1897 மார்ச் 9 அன்று காப்புரிமை கிடைத்தது. ஹொஸ்கின்ஸ் பின்னர் அல்பர்ட் மார்ஷ் என்பவரோடு நிக்ரோம் கம்பியின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டார். ரொட்டி வாட்டும் மின்கருவியில் சிவந்து கனலும் கம்பி அதுதான். ஸ்பிங்க்ஸோ கலிபோர்னியாவில் நிலம் வாங்கி ஆனைக்கொய்யா பயிரிட்டார்.

குருந்தக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று வழங்கும் இந்தக் கனிமத்தின் பெயர் ‘குருந்தம்’ என்ற நம் சொல்லிலிருந்து போனது. வைரத்துக்கு அடுத்த கடினம் உடையது. இரத்தினபுரியில் அகழும் நீலக்கல்லும் மாணிக்கமும் இதே கனிமத்தின் வகைகள்தாம். உலகெங்கும் கோல் நுனியில் தீற்றப்பட்ட அந்தத் தூளில் ஒரு தமிழ்ச் சொல் கலந்திருந்தது. கோப்பாய்ப் பெரியவர் “இதிலை வெண்கட்டி இல்லை” என்று சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கோலும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதற்குள் பிடிப்பு விழவேண்டும். நன்றாகத் தீற்றிய நுனியால் பந்தின் நடுவிலிருந்து அதன் ஆரத்தில் பாதித் தூரம் வரை விலக்கி அடிக்கலாம்; தீற்றாத நுனி அதற்கு வெகு முன்பே வழுக்கிவிடும். நல்லூர்த் தேரில் சில்லின் கீழ் கட்டை வைப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தேர் எங்கே நிற்கவேண்டும், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கட்டையின் உராய்வு. அதை வைப்பவர் குனிந்தே இருப்பார். கூட்டத்துக்கு அவர் முகம் தெரியாது.

இத்தனை முக்கியமான வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் எண்ணம் எழாமல் இருக்குமா? அமெரிக்கக் காப்புரிமைப் பதிவேடுகளில் கோலுக்குக் கட்டி தீற்றும் கருவிகள் பல உண்டு. மேசைக்கு மேலே கயிற்றில் தொங்கி, இழுத்தால் இறங்கி, விட்டால் வில்லின் விசையால் தானே மேலேறும் கட்டி ஒரு வகை. மேசை விளிம்பிலோ சுவரிலோ பொருத்திய கிண்ணத்துக்குள் கட்டி இருக்க, தேயத்தேய அடியிலுள்ள சுருள்வில் அதை மேலே தள்ளிக்கொடுப்பது இன்னொரு வகை. நுனியை உள்ளே நுழைத்தால் மின்விசையால் கட்டியையே சுழற்றித் தீற்றும் வகையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கனடாவில் ரொறன்ரோ நகரின் ஆட்டக் கூடம் ஒன்றில் கயிற்றில் தொங்கும் கட்டியை நானே இழுத்துப் பார்த்தேன். அழைத்துப் போன நல்லூர் நண்பர், “இஞ்சை மார்க்கருக்குச் சம்பளம் குடுத்துக் கட்டுமோ?” என்றார்.

கயிறு நிலைத்தது, சுழலும் கருவிகள் நிலைக்கவில்லை. காரணம் எளிது. கோலின் நுனி தட்டையானதன்று. நாணய விளிம்பைப்போல் வளைந்தது. அதன்மேல் கட்டியைச் சுழற்றினால் கட்டியின் நடுவே குழி விழும். பிறகு குழியின் விளிம்பு தோலை விட்டுவிட்டுக் கோலின் கழுத்தைத் தேய்க்கும். தோலில் சில இடங்கள் வெறுமையாகவே இருக்கும். மிகுதித் தூள் துணியில் கொட்டும். பந்தில் ஒட்டினால் மோதும் கணத்தில் பந்து துள்ளித் திசை தவறும். கட்டியைத் திருகாதே, தீற்று என்று எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்வார். இயந்திரம் செய்தது, கற்றுக்குட்டி செய்யும் பிழையைத்தான், விரைவாக. மேலும், கட்டி தீற்றும் அந்தச் சில விநாடிகளில்தான் ஆட்டக்காரர் அடுத்த அடியை யோசிக்கிறார். அந்த நேரத்தை மிச்சப்படுத்தித் தர எந்த ஆட்டக்காரரும் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் இந்தக் கருவிகளுக்குத் தேவையே எழவில்லை. ஆங்கிலேய அதிகாரிகளும் படைத்துறையினரும் பில்லியர்ட்ஸ் மேசையை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். ஸ்னூக்கர் ஆட்டமே இந்த மண்ணில் பிறந்ததுதான். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படை அதிகாரி அதைத் தொடங்கிவைத்தார். பின்னர் உதகமண்டலக் கழகத்தில் அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ஸ்னூக்கரின் வரலாற்றில் சேம்பர்லின் பெயர் இருக்கிறது. அன்றைய மேசைகளில் பந்து பொறுக்கி வைத்து, கட்டி தீற்றிக் கொடுத்தவர்களின் பெயர்கள் இல்லை. மலிவான கூலிக்கு மனிதர் கிடைத்த நாட்டில் சுருள்வில்லுக்கும் கப்பிக்கும் என்ன வேலை? எங்கள் கருவிக்குக் கையும் கண்ணும் இருந்தன, குடும்பமும் இருந்தது.

1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம். ஜே. எம். லாபீர் வாகை சூடினார். எந்த விளையாட்டிலும் இலங்கை பெற்ற முதல் உலக வாகையர் அவர். 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் இந்தியாவுக்கு அதே பெருமையை அதே ஆட்டத்தில் தேடித்தந்திருந்தார். கிரிக்கெட்டில் இரண்டு நாடுகளும் உலகக் கிண்ணம் வெல்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பச்சைத் துணி மேசையில் வென்றுவிட்டன. இன்றைய இளைஞர்களிடம் லாபீரின் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள்.

செய்தி வந்ததும் கருத்துக் கேட்டு எழுதுமாறு ஆசிரியர் என்னை அனுப்பினார். அதே கழகத்துக்குப் போனேன். உறுப்பினர்கள் மூவர் நீளமாகப் பேசினார்கள், குறித்துக்கொண்டேன். வெளியே வரும்போது பெரியவர் வாசலில் நின்றார். அவரிடமும் கேட்டேன். “நல்ல கை. கையைப் பற்றி எல்லாரும் சொல்லுவினம்” என்றார். பிறகு தன் நீலம் பாய்ந்த பெருவிரலைப் பார்த்துக்கொண்டே, “எதிராட்டத்துக்கு ஆளில்லாட்டி என்னையும் ஆடச் சொல்லுறவை. தோற்க வேண்டும், அதுதான் வேலை” என்றார்.

அந்தச் செய்தியில் மூன்று உறுப்பினர்களின் பெயர்களும் வந்தன. பெரியவரின் சொல் வரவில்லை. இடமில்லை என்று துணை ஆசிரியர் வெட்டவில்லை, நானே எழுதவில்லை. செய்தி என்றால் பெயருள்ளவர்கள் சொல்வது என்று அந்த வயதில் நான் நம்பியிருந்தேன். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் சில மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். கழகத்தில் இருந்தவருக்கு ஆளை நினைவிருந்தது. “ஓ, அந்த மார்க்கரா? ஊருக்குப் போயிருப்பார்” என்றார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. பின்னாளில் கோப்பாயிலும் இருபாலையிலும் கேட்டுப் பார்த்தேன். போர் ஊரையே பலமுறை இடம்பெயர்த்திருந்தது.

ஐம்பது ஆண்டுகள் செய்தி எழுதிய எனக்கு விடுபட்ட பெயர்கள் பல. இது அவற்றில் ஒன்று. கொழும்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கராக இருந்து, வலக்கைப் பெருவிரலில் நீலம் மாறாமல் ஊர் திரும்பிய ஒருவரை உங்கள் பெரியவர்கள் எவரேனும் அறிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். 1973ஆம் ஆண்டுச் செய்தியில் சேர்த்திருக்க வேண்டிய பெயரை இங்கேயாவது சேர்த்துவிடுகிறேன்.