முதல் பூ யாருடையது?



போன கிழமை எங்கள் பாடசாலை விறாந்தையில் ஒரு அமரில்லிஸ் பூத்தது. படத்தைப் போட்டதும் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். "எங்கட வீட்டிலயும் இருக்கு. வாங்கின வருஷம் பூத்தது, பிறகு வெறும் இலைதான். நீங்க என்ன செஞ்சீங்க?"

பதில் சொல்ல வெளிக்கிட்டால் அது இருநூறு வருடக் கதையாகிவிடுகிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இந்தச் சாடிகள் எங்களோடு படிப்பித்த ஒரு டீச்சர் ஓய்வு பெற்ற அன்று தந்துவிட்டுப் போனவை. மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஐந்து கிழங்குகளை ஐந்து சாடிகளில் நட்டுத் தந்தார். அந்த வருடம் ஐந்தும் பூத்தன. அடுத்த வருடம் டீச்சர் வஃபாத்தானார். அதன் பிறகு மூன்று வருடம் ஒரு மொட்டுக்கூட வரவில்லை. நாங்கள் கவனிக்காமல் விட்டோம் என்றில்லை. பிள்ளைகள் முறைபோட்டு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். மேற்பார்வைக்கு ஆட்கள் வரும் நாட்களில் இலைகளைக் கத்தரித்து அழகாக வைத்தோம். வெயில் படக்கூடாது என்று உள்விறாந்தையில் வைத்தோம். கடைசியில் ஒரு சிரமதானத்தன்று "இனி இதுகள் பூக்காது" என்று மதிலோரம் குப்பையோடு குவித்துவிட்டோம். உழவு இயந்திரம் வந்து ஏற்ற வேண்டியதுதான் மிச்சம். அப்போது ஒரு பிள்ளை வந்து, "டீச்சர்ட பூச்சாடியையா எறியப் போறீங்க?" என்று கேட்டாள்.

எங்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சாடிகளைத் திரும்ப எடுத்து வைத்தோம். பிறகுதான் இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினோம்.

முதலில் பெயர். நாம் அமரில்லிஸ் என்று சொல்வது உண்மையில் அமரில்லிஸ் அல்ல. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், பழைய லத்தீன் கவிஞர் வேர்ஜிலின் கவிதையில் வரும் ஓர் இடைப்பெண்ணின் பெயரை எடுத்து 'அமரில்லிஸ்' என்று வைத்தார். அந்தப் பெயருக்குள் தென்னாபிரிக்கச் செடியும் தென்னமெரிக்கச் செடிகளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. 1821இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹேர்பர்ட் என்ற பாதிரியார் தென்னமெரிக்கச் செடிகளைத் தனியாகப் பிரித்து 'ஹிப்பியாஸ்ட்ரம்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குக் குதிரை வீரனின் நட்சத்திரம் என்று பொருள். எந்தப் பெயர் எந்தச் செடிக்கு என்ற சண்டை 1987இல்தான், பெர்லினில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில், முடிவுக்கு வந்தது. அமரில்லிஸ் என்ற பெயர் தென்னாபிரிக்கச் செடிக்கே போனது. கடைக்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை. ஹேர்பர்ட் பெயர் வைத்த அதே 1821இல்தான் நம் நாட்டில் அலெக்சாண்டர் மூன் பேராதனைத் தோட்டத்தை இன்றிருக்கும் இடத்தில் தொடங்கினார் என்பதையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் எங்கள் மனதில் நின்றவர் ஹேர்பர்ட் அல்ல. ஆர்தர் ஜோன்சன் என்ற ஒரு மணிக்கூட்டுக்காரர்.

லிவர்பூலுக்குக் கிழக்கே பிரெஸ்கொட் என்று ஒரு சிற்றூர். அந்தக் காலத்தில் மணிக்கூட்டு வேலைக்குப் பேர்போன இடம். ஜோன்சன் பெரிய பல்கலைக்கழகம் எதிலும் இருந்தவர் அல்ல. பல்லுச் சக்கரங்களோடு பகலைக் கழித்துவிட்டு, கண்ணாடி வீட்டில் செடி வளர்த்தவர். 1799இல் அவர் இரண்டு தென்னமெரிக்க இனங்களைக் கலந்தார். ஒன்று, சிவப்புப் பூவின் தொண்டையில் வெளிறிய நட்சத்திரம் உள்ளது. மற்றது வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது. ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் வைத்து, வந்த விதையை முளைக்கப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இந்தச் செடி விதையிலிருந்து பூக்க மூன்று வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். நேரத்தை நொடிக் கணக்கில் அளந்து பிழைத்தவர், ஒரு பூவுக்காக வருடக் கணக்கில் பொறுத்திருந்திருக்கிறார். சிவப்பு இதழின் நடுவே வெள்ளைக் கோடு ஓடும் பூ வந்தது. உலகில் மனிதன் உண்டாக்கிய முதல் ஹிப்பியாஸ்ட்ரம் கலப்பினம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு ஜோன்சனின் கண்ணாடி வீடு சேதமடைந்து, அவர் வளர்த்தவை கையை விட்டுப் போயின. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் அவர் ஏற்கனவே சில கிழங்குகளை லிவர்பூல் தாவரவியல் தோட்டத்துக்குக் கொடுத்திருந்தார். தன்னிடம் வைத்திருந்தவை போய்விட்டன, கொடுத்தவை நின்றன. அந்தச் செடிக்கு இன்றும் அவர் பெயர்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய வீட்டு வளவுகளில் அது இப்போதும் பூக்கிறது. கடையில் வாங்கியதைவிட, அடுத்த வீட்டுக்காரர் தோண்டிக் கொடுத்துப் பரவியதுதான் அதிகம்.

இன்று நாம் பார்க்கும் சாப்பாட்டுக் கோப்பை அளவான பூக்கள் அதற்குப் பிந்தியவை. 1860களில் ரிச்சர்ட் பியர்ஸ் என்பவர் வீச் என்ற ஆங்கிலேய நாற்றுமேடை நிறுவனத்துக்காக ஆன்டிஸ் மலைநாடுகளில் செடி தேடி அலைந்தார். அவர் அனுப்பியவற்றில் லியோபோல்டி, பார்டினம் என்ற இரண்டு இனங்களும் இருந்தன. 1868இல் பனாமாவில் மஞ்சள் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். அந்த இனங்களை வைத்துத்தான் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் டி கிராஃப் குடும்பத்தினர் அகன்ற இதழுள்ள பெரிய பூக்களை உண்டாக்கினார்கள்.

ஒல்லாந்தர் கிழங்குப் பூவில் கைதேர்ந்ததற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானியரின் துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன துலிப் மலரில்தான் அவர்கள் இந்த வேலையைப் பழகினார்கள். ஆனால் துலிப் குளிர்காலம் கேட்கும் செடி. நம் வெக்கையில் அது மறுபடி பூக்காது. ஹிப்பியாஸ்ட்ரம் குளிர் கேட்பதில்லை. அது கேட்பது ஒரு வரட்சி, அதன் பிறகு ஒரு மழை. அது பிறந்த இடங்கள் பலவற்றின் பருவம் அப்படி. நம் கிழக்கின் பருவமும் ஏறக்குறைய அப்படித்தானே? கச்சான் காற்றில் நிலம் வெடிக்கும், பிறகு மாரி வரும். நம் பழைய வளவுகளில் யாரும் கவனிக்காமலே பூக்கும் செம்மஞ்சள் லில்லியும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இதே குடும்பத்துப் பிள்ளைதான். நிலத்தில் நின்றதால் அது காய்ந்தது, ஓய்ந்தது, பூத்தது. சாடியில் வைத்து, நாள்தோறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி, பருவம் என்ற ஒன்றையே நாங்கள் இல்லாமல் செய்துவிட்டோம்.

இன்னொன்றையும் அறிந்தோம். கடையில் வாங்கும் கிழங்குக்குள் பூமொட்டு ஏற்கனவே இருக்கும். யாரோ ஒரு விவசாயி வயலில் வைத்து, இலைக்கு வெயில் காட்டி, பசளை போட்டு உண்டாக்கியது அது. நாம் தண்ணீர் ஊற்றினால் போதும், பூக்கும். முதல் பூ அவருடைய உழைப்பு. இரண்டாவது பூதான் நம்முடையது. டீச்சர் தந்த வருடம் பூத்த பூக்களுக்கு நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். அதில் எங்கள் பங்கு ஒன்றுமே இருக்கவில்லை. நல்ல புள்ளியோடு ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளையைப் பார்க்கும்போதும் இனி இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட பதில்.

பூ வாடியதும் பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலையை வெட்டவே வேண்டாம். கிழங்குக்குச் சாப்பாடு சமைப்பது இலைதான். பொதுவாக நான்கு இலைக்கு ஒரு மொட்டு என்ற கணக்கில், பூப்பதற்குப் பல மாதம் முன்பே மொட்டு உள்ளே உருவாகத் தொடங்கிவிடும். இலையை வெட்டிய நாங்கள் அடுத்த வருடப் பூவைத்தான் வெட்டியிருக்கிறோம்.

காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது பசளை கொடுங்கள். சாடி கிழங்கைவிடக் கொஞ்சம்தான் அகலமாக இருக்க வேண்டும். அடியில் துளை கட்டாயம். கிழங்கின் மேற்பகுதி, மூன்றில் ஒரு பங்காவது, மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகும்.

பல மாதம் இலை நன்றாக வளர்ந்த பிறகு தண்ணீரை நிறுத்துங்கள். மழை படாத தாழ்வாரத்தில் 8 முதல் 10 வாரம் அப்படியே விடுங்கள். இலை மஞ்சளாகிச் சாயும். பார்க்கச் செத்ததுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், எறியவும் வேண்டாம். பிறகு ஒருநாள் மண் நனைய ஒரு தரம் தண்ணீர் ஊற்றுங்கள். நுனி எட்டிப்பார்த்ததும் வழமைபோல் ஊற்றலாம். அதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் பூவை எதிர்பார்க்கலாம்.

கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளி உள்ள புழுக்கள் இலையை அடியோடு தின்றுவிடும். கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கிழங்கு பார்ப்பதற்குப் பம்பாய் வெங்காயம் மாதிரியே இருக்கும். ஆனால் நஞ்சு. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். குசினிப் பக்கம் வைக்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

நாங்கள் இந்த வருடம் கச்சானில் ஐந்து சாடிகளையும் காயவிட்டோம். தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருந்தது. முறைக்காரப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் வந்து, "இன்னைக்கும் ஊத்தக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஐந்தில் ஒன்று பூத்திருக்கிறது. ஒன்றில் மொட்டு தெரிகிறது. மற்ற மூன்றிலும் இலை மட்டும்தான். மூன்று வருடம் பட்டினி போட்டவற்றிடம் ஒரே வருடத்தில் பூக் கேட்பது நியாயமில்லை. அவற்றுக்கு இன்னும் ஒரு கச்சான் கொடுப்போம்.

பூத்த சாடியில் பக்கக் கிழங்குகள் மூன்று வந்திருக்கின்றன. அவை பூக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். மணிக்கூட்டுக்காரர் செய்ததைத்தான் நாங்களும் செய்யப்போகிறோம். எல்லாவற்றையும் ஒரே விறாந்தையில் வைத்திருக்கப் போவதில்லை. ஒன்று டீச்சரின் மகளுக்கு. மற்ற இரண்டும் பொறுமையாக வளர்க்க விருப்பமுள்ள இரண்டு வீடுகளுக்கு. விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள். அடுத்த சிரமதானத்துக்கு முன் உங்கள் வீட்டு மதிலோரத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சரை உங்கள் துஆக்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.