குலுக்கையும் கார்பன் இழையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் ஊர்களில் தானியக் குலுக்கை செய்ய, மண்ணோடு வரகு வைக்கோலைச் சேர்த்து ஊறவைத்து மிதிப்பார்கள். வைக்கோல் பதமாகி மண்ணோடு ஒட்டினால்தான் விரிசல் விடாது.

ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1901-இல் கல்நார் சிமென்ட் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். கல்நார் சிமென்டை நன்றாகப் பிடித்தது. ஆனால் அதன் தூசி நுரையீரலைக் கெடுத்தது. 1986-இல் டோக்கியோவின் ஆர்க் மோரி கட்டடத்தில் கார்பன் இழை கலந்த சிமென்ட் சுவர்ப் பலகைகள் ஏறின. கார்பன் வழவழப்பானது, தண்ணீரோடு எளிதில் சேராது. அதனால் இழைமேல் ஓசோன் வாயு படவைத்தும், சிமென்டில் நுண்சிலிகா தூள் கலந்தும் பிடிப்பைக் கூட்டுகிறார்கள். நெசவுக்கு முன் பாவுக்குக் கஞ்சி போட்டுப் பக்குவப்படுத்துவது போலத்தான்.

நம் மாடிப் பூச்சில் இழை கலப்பதாக ஒப்பந்தக்காரர் சொன்னால், விலையை மட்டும் கேட்காதீர்கள். திரளாமல் கலப்பாரா, எத்தனை நாள் தண்ணீர் விடுவார் என்றும் கேளுங்கள். சங்கப் பணம் நம் பணம்.