தன்னையே பங்காக விற்ற பந்தய வீரர்

கம்பெனிதான் பங்கு வெளியிடும் என்று பி.காம் பாடத்தில் படிக்கிறோம். ஒரு மனிதர் தன்னையே பங்காக விற்ற கதை தெரியுமா நண்பர்களே?

ஜஸ்டின் வில்சன் 1978இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். 2001இல் ஃபார்முலா 3000 சாம்பியன். அப்போது ஃபார்முலா 1க்கு முந்தைய படி அது. ஆனாலும் உடனே மேலே ஏற முடியவில்லை. ஆள் சுமார் 6 அடி 4 அங்குலம்! 2002இல் மினார்டி அணியில் வாய்ப்பு வந்தபோது காருக்குள் உடம்பு அடங்கவில்லை.

2003இல் மினார்டி இடம் கொடுத்தது. ஆனால் சின்ன அணி, ஓட்டுநர்தான் பணம் கொண்டுவர வேண்டும். அதனால் அவர் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கிப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்கள். முதலீட்டுக்குப் பதிலாக அவருடைய வருங்கால வருமானத்தில் பங்கு. சுமார் 12 லட்சம் பவுண்டு சேர்ந்தது.

சீசன் நடுவிலேயே ஜாகுவார் அணி அவரை எடுத்துக்கொண்டது. இண்டியானாபொலிஸில் 8ஆம் இடம், 1 புள்ளி. 2004இல் அந்த சீட், ரெட் புல் ஆதரவோடு வந்த கிறிஸ்டியன் கிளீனுக்குப் போய்விட்டது.

வில்சன் அமெரிக்கா போனார். சேம்ப் கார், இண்டிகார் இரண்டிலும் சேர்த்து 7 வெற்றிகள். 2009இல் டேல் காய்ன் என்ற சின்ன அணிக்கு முதல் வெற்றி தேடித் தந்தார். 2015 ஆகஸ்டில் போகோனோ பந்தயத்தில், விபத்துக்குள்ளான இன்னொரு காரின் உடைந்த பாகம் தலையில் பட்டு, மறுநாள் இறந்தார். வயது 37.

பங்கு வாங்கியவர்களுக்கு ஃபார்முலா 1இல் கிடைத்தது 16 பந்தயங்கள், 1 புள்ளி. ஆனால் அவர்கள் பணம் போடாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. சாம்பியனே காசு கொடுத்து சீட் வாங்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கோபம்.

நீங்களாக இருந்தால் அந்தப் பங்கை வாங்கியிருப்பீர்களா?