கூவும் குரலும் கடல் கடந்த சொல்லும்

புதுச்சேரி நேரு வீதியிலிருந்து காலை வேளையில் பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைவோரைப் பொருள்களுக்கு முன்னே குரல்கள் எதிர்கொள்கின்றன. மீன் கூறுக்கும் கீரைக்கட்டுக்கும் பூ முழத்துக்கும் விலை கூறும் பெண்களின் பேச்சு, மூச்சு விடாத வேகத்தில், தாளம் தப்பாமல் எழுகிறது. புதுவையின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர் இவ்வங்காடிக்குச் சூட்டப்பெற்றுள்ளது. எனினும் மக்கள் நாவில் அது இன்றும் பெரிய மார்க்கெட்டே. அங்கே வழங்கும் பேச்சு எவ்வேட்டிலும் ஏறியதில்லை; அதைக் கவிதை என்று கருதியவரும் அரியர்.

பேச்சையே இசையாக்கும் கலையொன்று இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஹிப் ஹாப் என்பது அதன் பெயர். அதன் பாட்டுக் கூறாகிய ராப்பைத் தமிழர் சொல்லிசை என்கின்றனர். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் நடத்திய விருந்திலிருந்து அதன் பிறப்பைக் கணக்கிடுவது மரபு. ஏட்டில் இடம் பெறாத மக்களின் நாவில் பிறந்தமையால், எங்கெல்லாம் ஒரு மக்கட்கூட்டம் தன் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டதோ அங்கெல்லாம் இக்கலை எளிதில் வேர்கொண்டது.

சுரிநாம் காட்டும் வழி

தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள சிறு நாடு சுரிநாம். டச்சுக்காரர் ஆட்சியில் 1863இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியதால், கல்கத்தாவிலிருந்து லல்லா ரூக் என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1873 ஜூன் 5இல் அங்கே சேர்ந்தது. 1916 வரை ஏறத்தாழ 34,000 பேர் அவ்வாறு சென்றனர். ஆப்பிரிக்க வழியினரின் ஸ்ரனான் மொழியும், போஜ்புரி முதலிய வட இந்திய வழக்குகள் கலந்து பிறந்த சர்னாமி மொழியும் கற்றோரால் இழிவாகக் கருதப்பட்டன. பள்ளிக்கும் அரசுக்கும் டச்சு மொழி மட்டுமே உரியதாயிற்று.

அந்த இழிவைத் துடைத்தவர்கள் கவிஞர்களே. திரெஃபோசா என்ற புனைபெயருடைய ஹென்றி டி சீல், 1957இல் வெளியிட்ட 'திரோத்ஜி' என்ற தொகுதியால், ஸ்ரனானில் உயர்கவிதை இயலும் என்று நிலைநாட்டினார். நாட்டுப்பண்ணின் ஸ்ரனான் பகுதியும் அவர் எழுதியதே. பின்னர் ஜித் நாராயண் சர்னாமி மொழிக்கு அதே பணியைச் செய்தார். 1975இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிப் பெருந்தொகையினர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்தம் மக்களும், தாயகத்தில் தங்கியோரின் மக்களும் ஸ்ரனானையும் டச்சையும் கலந்து சொல்லிசை பாடுகின்றனர். கவிஞன் முன்னர் உழுத நிலத்திலேயே அவ்விளைஞர் விதைத்தனர் எனலாம்.

புதுவையிலிருந்து போன கப்பல்கள்

சுரிநாமின் கிழக்கெல்லை மாரோனி ஆறு. அதன் மறுகரை பிரெஞ்சு கயானா. அங்கிருந்துதான் இவ்வரலாறு புதுச்சேரிக்கு உறவாகிறது. 1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபின், புதுச்சேரியும் காரைக்காலும் கூலி ஏற்றுமதித் துறைகளாயின. ஆள்பிடிப்போர், பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட சுற்று மாவட்டங்களிலிருந்தும் வறியோரைத் திரட்டி வந்தனர். ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதற்குழுவினரை இறக்கியது. மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் சென்றனர். ரீயூனியன் தீவுக்குச் சென்றோர் தொகை இவற்றினும் பெரிது. பிரெஞ்சு கயானாவில் இறப்பு மிகுந்தமையால் 1876இல் அந்நாட்டுக்கு ஆளனுப்புவதைப் பிரித்தானிய அரசு தடுத்தது.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. ஆனால் திரும்பாதோர் பலர். தமிழ்ப்பள்ளி இல்லை, தோட்டத்தில் கிரியோல், ஏட்டில் பிரெஞ்சு. சில தலைமுறைகளில் தமிழ் பேச்சுமொழி என்ற நிலையை இழந்தது. குடியுரிமைக்கும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் வெற்றி கண்டது. பிரெஞ்சுக் குடிமகன் என்ற உரிமை வந்தபோது, தமிழ் வீட்டைவிட்டு அகன்றுகொண்டிருந்தது.

தங்கியது தோற்கருவி. மாரியம்மன் வழிபாட்டில் தப்பும் மத்தளமும், சிறிது திரிந்த பெயர்களோடு, அத்தீவுகளில் இன்றும் ஒலிக்கின்றன. பொருள் விளங்காமலே தமிழ்ப் பாடல்களை மனப்பாடமாகப் பாடுவோர் உண்டு. நாடகம் என்ற சொல் 'நாட்ரோம்' என்று மருவிக் கூத்துக்குப் பெயராய் நிற்கிறது. ரீயூனியனில் 1979இல் 'சிஸ்காகான்' இசைக்குழுவை நிறுவிய தமிழ் வழியினர் கில்பர்ட் பூனியா, கிரியோல் பாட்டில் இந்திய இசையைக் கலந்தார். தாளம் நிலைத்தது, சொல்லோ வேறு மொழியினதாயிற்று.

பள்ளி காத்த நாவு

மலாயாவுக்குச் சென்ற தமிழர் நிலை வேறாயிற்று. அவர்களும் தோட்டக் கூலிகளே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொழிலாளர் சட்டங்களின் வழியாகத் தோட்டப் பள்ளிகள் தோன்றின. ஒற்றை அறையும் ஓராசிரியருமாய் இருந்த பள்ளிகள் பல. ஆனால் அவ்வறைகளில் தமிழ் எழுத்து கற்பிக்கப்பட்டது. அதன் பயன் நூற்றாண்டின் இறுதியில் எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. மலேசியாவின் 'பொயட்டிக் அம்மோ' குழு 1998இல் வெளியிட்ட தொகுப்பில், ஆங்கிலம், மலாய், கந்தோனியம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, 'நட்சத்ரா' குழுவினருடன் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். இளையராஜாவின் பழைய மெட்டொன்றின் மேல் புதுச்சொல் அடுக்கிய பாட்டு தமிழகத்தையும் எட்டியது.

இலங்கை மலையகத்தின் நினைவும் இவ்வழியே பேசியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியோராகக் கணக்கிட்டது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய ஒரு பாட்டியின் நினைவை, அவருடைய பேரனாகிய பாடகர் அறிவு, 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டில் பதித்தார். அரசு ஏடுகளில் எண்ணாக நின்ற மக்கள், அப்பாட்டில் மரமும் நிலமும் உடைய மனிதராயினர்.

கவிஞர் முன் உள்ள வினா

இச்சொல்லிசை கவிதையாகுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. அயலாரைப் போலச் செய்வதும், வெற்றுத் தற்புகழ்ச்சியும் இதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் சந்தத்தின் விரைவு தமிழுக்குப் புதிதன்று. அருணகிரிநாதரின் வண்ணங்கள் அதற்குச் சான்று. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதி, மக்கள் நாவில் வழங்கிய சிந்தை ஏட்டுக்கவிதையாக்கினான். பீஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்தவனும் அவனே.

தாளம் தனித்து நின்றால் அது வழிபாடாக வாழும். சொல் அதனுடன் சேர்ந்தால்தான் அன்றாட வழக்காக வாழும். குவாதலூப்பின் மத்தளத்துக்கும் மலேசியாவின் சொல்லிசைக்கும் இடையேயுள்ள தொலைவு, ஒரு தோட்டப் பள்ளியின் தொலைவே. பிரெஞ்சுத் தீவுகளின் இளைஞர் சிலர் முன்னோர் மொழியை மீண்டும் கற்க விழைகின்றனர். அவர்களுக்குச் செய்யுளை மட்டும் அனுப்பினால் போதாது. வாழும் பேச்சும் சென்றாக வேண்டும். அப்பேச்சு, அவர்தம் முன்னோர் கப்பலேறிய கடற்கரையிலிருந்து சில வீதிகளே தள்ளி, பெரிய மார்க்கெட்டில் நாள்தோறும் விலை கூவிக்கொண்டிருக்கிறது. திரெஃபோசா தம் மக்களின் சந்தைமொழிக்குச் செவி கொடுத்தார். புதுவைக் கவிஞர்களுக்கும் அச்செவி வாய்க்க வேண்டும்.