கைப்பிடிச் சுவரும் காயக்கட்டும்: பட்டாசு வட்டாரத்தில் அயலாரன்பு

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்து 38 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களில் கணிசமானோர் ஆலைத் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு, உதவவும் வேடிக்கை பார்க்கவுமாக அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அடுத்த பெருவெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். நல்ல சமாரியன் உவமையை (லூக்கா 10:25–37) விருதுநகர் மாவட்டத்தில் படிப்பவர் இந்த நிகழ்வைத் தாண்டிப் போக முடியாது. எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் வந்து சேர்ந்தபோது, அவனை அடித்த கள்ளர் போய்விட்டிருந்தனர். பட்டாசு அறையிலோ, முதல் தீ அணையுமுன் பக்கத்து அறையின் வெடிமருந்து பற்றிக்கொள்கிறது.

நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. 35ஆம் வசனத்திலோ அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்செலவையும் திரும்பி வந்து தருவதாக ஏற்கிறான். தீக்காயம்பட்டவருக்குத் தோல் ஒட்டு, மாதக்கணக்கில் மருத்துவம், நின்றுபோன கூலி என்று செலவு நீளும் ஊரில் இந்த வசனத்துக்குத்தான் கனம் அதிகம். ஆனால் இதுவும் அடிபட்ட பிறகு வரும் அன்பே.

1967இல் நியூயார்க் ரிவர்சைடு ஆலயத்தில் மார்ட்டின் லூதர் கிங், எரிகோச் சாலையையே மாற்ற வேண்டும் என்று வாதிட்டார். அதைவிடக் கறாரானது உபாகமம் 22:8. புது வீடு கட்டுபவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். பொறுப்பு இன்னார் தலையில் என்று இங்கே தெளிவாகவே சொல்லப்படுகிறது. இந்த வட்டாரத்தின் கைப்பிடிச் சுவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: ஓர் அறைக்கு 4 பேர், அளவான வெடிமருந்து, அறைகளுக்கிடையே இடைவெளி, உள்குத்தகைக்குத் தடை. தீப்பற்ற உராய்வு ஒன்றே போதும் என்பதால் ஏற்பட்ட விதிகள் இவை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியான ஆலையிலும் உள்குத்தகை நடந்தது வெளிவந்தது. பீஸ் ரேட்டுக்கு ஓடும் கைகளும் தீபாவளி ஆர்டரும் சேரும்போது இந்தச் சுவர்தான் முதலில் இடிகிறது.

விதியைக் காப்பது அரசின் வேலை, திருச்சபைக்கு இரக்கம் போதும் என்பார்கள். லேவியராகமம் 19 அப்படிப் பிரிக்கவில்லை. கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்பது 13ஆம் வசனம்; பிறனுடைய இரத்தப்பழிக்கு உட்படாதே என்பது 16; அயலானை நேசி என்பது 18. ஒரே மூச்சில் வரும் கட்டளைகள் இவை. வேலை போய்விடும் என்று தொழிலாளரே வாய் திறக்கத் தயங்குவது உண்மை. அதனால்தான் கூலியை நம்பியிராதவர் கேட்க வேண்டியிருக்கிறது. வெடிவிபத்துக்குப் பின் நிவாரணம் திரட்டும் சபைகள், தீபாவளிக்கு முந்தைய மாதங்களிலேயே ஆலை உரிமையாளரிடம் போய், அறையில் ஐந்தாவது ஆள் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கட்டும்.