சொல்லப்படுகிறது

பாளையங்கோட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள், கோட்டை எங்கே என்று கேட்பது வழக்கம். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிய அந்தக் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது சொற்பம். நான் போனது கோட்டை பார்க்க அல்ல. மஞ்சள் பைக்குள் ஒரு மண் கிண்ணத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவ்வூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

கிண்ணம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கையில், ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் மழை அரித்த பள்ளம் ஒன்றிலிருந்து அதை எடுத்தேன். உள்ளும் விளிம்பும் கறுப்பு, அடிப்புறம் சிவப்பு. "செத்தவன் சாமானை வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கியே, மூதி!" என்று ஆச்சி அதைத் தொழுவத்தில் வைத்துவிட்டாள். ஆச்சி போனாள், தொழுவமும் போயிற்று, கிண்ணம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

காப்பாட்சியர் இரு கைகளாலும் அதை வாங்கினார்.

"எந்தப் பள்ளம் அண்ணாச்சி? எவ்வளவு ஆழம்? பக்கத்துல என்ன கெடந்துது?"

நான் விழித்தேன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு பள்ளத்தைக் கற்பனை செய்வது பெரிய காரியமா? ஆனால் அந்த மனிதர் முன்னால் நாக்கு எழவில்லை.

"அப்பம் இது சாட்சி சொல்லாது" என்றார் அவர், மெதுவாக.

சென்னை அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்ற எட்வர்ட் பால்ஃபர் ஒரு டாக்டர். 'எப்போதிலிருந்து, எந்த இடத்தில்?' என்று கேட்ட பிறகே டாக்டர் மருந்து எழுதுகிறார். அருங்காட்சியகத்தார் கேட்பதும் அதே கேள்வியைத்தான். பதில் இருந்தால் பொருள் பேசும்; இல்லாவிட்டால் அலங்காரமாக அலமாரியில் இருக்கும்.

ஆதிச்சநல்லூருக்கு 1876-ல் ஜெர்மானியரான டாக்டர் ஜாகர் வந்தார். தோண்டினார், கிடைத்தவை பெர்லினுக்குக் கப்பலேறின. பின்னர் அலெக்சாந்தர் ரீ என்ற தொல்பொருள் துறை அதிகாரி 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டினார். தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் நெற்றிப் பட்டங்கள் என்று வெளிப்பட்டவற்றை வரிசைப்படுத்திப் பட்டியல் எழுதினார். அது 1915-ல் அச்சாயிற்று. பொன்னைப் பார்க்க எழும்பூருக்குப் போகிறவர்கள் பலர். அந்தப் பட்டியலை எழுதிய பொறுமையை நினைப்பவர் சிலர்.

பொன்தான் பெரிது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள்ளிருந்து நெல்மணிகள் கிடைத்தன. கரிம ஆய்வில் அவற்றின் காலம் கி.மு. 1155 என்று வந்ததாகத் தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. அந்த நெல்லுக்குச் சந்தையில் காலணா விலை கிடையாது. ஆனால் இன்ன தாழியில், இன்ன இடத்தில் என்று ஒருவர் குறித்து வைத்திருந்ததால் அது மூவாயிரம் ஆண்டைத் தாண்டி வந்து சாட்சி சொன்னது. என் கிண்ணத்தையும் அப்படி ஒருவர் எடுத்திருந்தால்? நான் அன்று களவாடியது கிண்ணத்தை அல்ல, அதன் விலாசத்தை.

காப்பாட்சியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "துறைக்கு எழுதி முறைப்படி ஒப்படைச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு ஒரு சீட்டை நிரப்பினார். உயரம், வாய் அகலம், நிறம் எல்லாம் எழுதினார். கண்டெடுத்த இடம் என்ற வரியில் பேனா சற்று நின்றது. பிறகு எழுதினார்: 'ஆதிச்சநல்லூர் என்று சொல்லப்படுகிறது.'

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளும் எனக்கானவை. பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வெறும் பையோடு பஸ் ஏறினேன்.